சூசையப்பருக்கு நான் தாடி திருத்தியது

நல்லது செய்தே தீருவேன் என்று பத்தொன்பது வயதில் ஒருவன் கிளம்பினால், ஊரில் உள்ள ஏழை எளியவர்கள் கதவைச் சாத்திக்கொள்வது உத்தமம். கதவே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள், பாவம்! மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்படி என்னிடம் வந்து மாட்டிக்கொண்டவர் மாரப்பன். (அவரிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன் என்று எங்கள் அத்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை சொன்னதில் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கும், அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத விஷயம்.)

சேலத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அப்பா கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தா. அம்மா, அப்பாவின் தங்கையான செசீலி அத்தை, நான், இவ்வளவுதான் குடும்பம். தாத்தா காலத்தில் ஊரெல்லாம் பேதி பரவி, வீட்டில் அத்தனை பேரும் பாயோடு பாயாகக் கிடந்தார்களாம். பிழைத்து எழுந்தால் வருஷா வருஷம், சேசுநாதரை வளர்த்த தகப்பன் சூசையப்பரின் திருநாளன்று, வீடு வாசல் இல்லாத ஒருவரை அழைத்துவந்து, அவரைச் சூசையப்பராகவே பாவித்து, தலைவாழை இலை போட்டுச் சோறு போடுவதாகத் தாத்தா நேர்ந்துகொண்டார். எல்லோரும் பிழைத்தார்கள். நேர்ச்சையும் பிழைத்தது.

அதில் ஒரு நிபந்தனை உண்டு. அழைத்துவந்த ஏழை சாப்பிட்டுக் கையலம்பிய பிறகுதான் வீட்டார் வாயில் ஒரு பருக்கை படலாம். சூசையப்பர் திருநாள் பங்குனி மாதத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலத்துக்கு நட்டநடுவில் வரும். தபசுகாலத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருசந்தி. காலையில் வெறும் வயிறு, மத்தியானம் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரிக்குப் பேருக்கு ஏதோ. ஆகவே சூசையப்பர் இலையில் கை வைக்கிற நேரத்தை வீடே பார்த்துக்கொண்டிருக்கும்.

பல வருஷங்களாக எங்கள் சூசையப்பர், கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த கண் தெரியாத பெரியவர் ஒருவர். அவர் பழுத்த அனுபவசாலி. எங்கள் பசி அவருக்குத் தெரியும். மளமளவென்று சாப்பிட்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிறமாதிரி ஓர் ஏப்பம் விட்டு, "சரி சாமி, நீங்கெல்லாம் உக்காருங்க" என்று உத்தரவு கொடுத்துவிடுவார். எனக்குப் பத்தொன்பது வயதான அந்த வருஷம் தை மாதம் அவர் காலமானார். அம்மா அழுதாள். அப்பாவும் அழுதார், ஆனால் அப்பாவின் கண்ணீரில் அடுத்த திருநாளைப் பற்றிய கவலையும் கலந்திருந்தது.

"நான் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. நான் இண்டர்மீடியட்டில் கணக்குப் பாடத்தில் குப்புற விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்த வருஷம் அது. நான் படிப்பதற்கென்றே அப்பா கிணற்றடிக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த அறை ஒன்று தனியாகக் கட்டிக்கொடுத்திருந்தார். ஜன்னல், மாடக்குழி, தனி வாசல் எல்லாம் வைத்த அறை. கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். படிப்பு போனபிறகும் அறை மட்டும் என்னிடமே இருந்தது.

படிப்பில் விட்டதைப் பக்தியில் பிடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். எங்கள் கோயிலில் வாலிபர் சபை ஒன்று இருந்தது. அதன் தலைவர் பதவி காலி. நீலநாடாவில் தொங்கும் வெள்ளிச் சுரூபப் பதக்கம் தலைவருக்கு உண்டு. பூசையில் முன்வரிசையில் அதை மாட்டிக்கொண்டு நிற்கலாம், பெண்கள் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும். (இதை நான் அப்போது மனசுக்குள்கூட ஒப்புக்கொண்டதில்லை.) எங்கள் பங்குச்சாமியார் பிரான்சு தேசத்துக்காரர், தமிழை இலக்கணப் புத்தகத்தில் படித்துப் பேசுகிறவர். அந்தத் தபசுகாலப் பிரசங்கத்தில் அவர், "தெருவோரம் உறங்குகின்ற ஏழையினுடைய பாதத்தைத் தொடாத கை, சேசுநாதருடைய பாதத்தைத் தொட இயலாது" என்று சொல்லிவிட்டு, வாலிபர்கள் பக்கமாக ஒரு பார்வை பார்த்தார். அது என்னைத்தான் என்று எனக்குப் பட்டது. தவிர, சூசையப்பர் திருநாளன்று இலையை மந்திரித்து ஆசீர்வதிக்க எங்கள் வீட்டுக்கு வருகிறவரும் அவர்தான். ஆக, நான் கூட்டிக்கொண்டு வருகிற சூசையப்பரைப் பார்த்து அவர் அசந்துபோக வேண்டும்.

திருநாளன்று காலைப் பூசை முடிந்ததும் சந்தைப்பேட்டைச் சத்திரத்துக்குப் போனேன். சத்திரத்துப் புளியமரத்தடியில் வீடில்லாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வேறு யாராவது போயிருந்தால் யாருக்கு ரொம்பப் பசி என்று பார்த்திருப்பார்கள். நான் யாருக்குத் தாடி இருக்கிறது என்று பார்த்தேன். எங்கள் கோயில் சுரூபத்தில், அதாவது சிலையில், சூசையப்பருக்குக் கச்சிதமான பழுப்புத் தாடி. அதற்குத் தகுந்தமாதிரி ஓர் ஆள் வேண்டாமா?

ஒருவர் கிடைத்தார். கிடைத்தார் என்றால், தலையிலிருந்து முடி முதுகுவரைக்கும் சிக்குப்பிடித்துத் தொங்குகிறது, தாடி நெஞ்சை மூடியிருக்கிறது. நடுவில் இரண்டு கண். சூசையப்பர் அதற்குள் எங்கோ ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. சுற்றியிருப்பதை வெட்டிக் களைந்தால் வெளியே வந்துவிடுவார்.

"பெரியவரே, சாப்பிட்டீங்களா?"

அவர் பேசவில்லை. இல்லை என்று தலையாட்டினார்.

"பேச வராதா?"

வாயைப் பொத்திக்கொண்டு, விரலை ஆகாயத்தைப் பார்த்து நீட்டினார். ஆண்டவன் எனக்குப் பேச்சைக் கொடுக்கவில்லை என்கிறார் என்று புரிந்துகொண்டேன். அடடா, ஊமை வேறா! எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வீடில்லாதவர், ஊமை, பசி. இதற்குமேல் தகுதியான ஆளைச் சேலம் ஜில்லாவிலேயே யாரும் பிடித்துக் கொடுக்க முடியாது.

"எந்திரிச்சு வாங்க. வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

'வீடு' என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. என்னையே வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். வழி தெரியாமலே முன்னால் நடந்தார். என் அன்பு அவரை அப்படி உருக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா சமையலில் இருந்தாள். வடை, பாயசம், அப்பளம் எல்லாம் போக, மேட்டூரிலிருந்து வந்த மீனில் குழம்பு. தபசுகாலத்தில் கறி கூடாது, மீன் கூடும். அந்த வாசனை வாசலுக்கே வந்து எங்களை வரவேற்றது. நான் அதற்கு நிற்காமல் நேராகக் கிணற்றடிக்கு அவரை அழைத்துப்போனேன்.

நாவிதரைக் கூப்பிட்டு வரலாமே என்று அம்மா ஜன்னல் வழியாகச் சொன்னாள். அதெப்படி? சேசுநாதர் சீடர்களின் காலைக் கழுவ ஆள் வைத்தாரா? என் கையாலேயே செய்வதுதான் சேவை. அப்பாவின் கத்தியையும் அம்மாவின் தையல் கத்திரிக்கோலையும் கேட்காமலே எடுத்து வைத்துக்கொண்டேன். என் முகத்தில் அப்போது சவரம் செய்ய நாலு முடிகூடக் கிடையாது. ஒரு தேங்காய்க்குக்கூட நார் உரித்துப் பழக்கமில்லாத கை என்னுடையது.

தண்ணீர் இறைத்து ஊற்றியதும் அவர் சந்தோஷமாகக் குனிந்து உட்கார்ந்தார். அரப்புத்தூளைக் கரைத்துத் தலையில் தேய்த்தேன். அரப்பு கண்ணில் இறங்கிவிடும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் உதடு மட்டும் ஏதோ முணுமுணுப்பதுபோல் அசைந்தது. முதுகில் தொங்கிய முடியை ஒரு கையால் அள்ளிப் பிடித்தேன். மறுகையால் கத்திரிக்கோலை வைத்து, பிடரியோடு நறுக்கென்று ஓர் அழுத்து அழுத்தினேன்.

முடி மொத்தமாக என் கையில் வந்துவிட்டது.

அவர் கை பின்னால் போய்ப் பிடரியைத் தடவியது. எதையோ தேடுவதுபோல் மறுபடி தடவியது. பிறகு கண்ணைத் திறந்தார். அரப்பு எரிச்சலைக்கூடக் கவனிக்காமல் என் கையில் இருந்த முடியைப் பார்த்தார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, உடனே பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள். உங்களுக்கும் பத்தொன்பது வயது இருந்திருக்கும்.) "இதுக்கெல்லாம் எதுக்குங்க அழுவறது? இன்னும் தாடி இருக்குது பாருங்க" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் அசையவில்லை. அடித்துவைத்த கல்லாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. தாடியைச் சுரூபத்தில் இருக்கிறமாதிரி கச்சிதமாக்கலாம் என்று வலது பக்கம் கொஞ்சம் வெட்டினேன். கூடிப்போயிற்று. அதற்குச் சமமாக இடது பக்கம் வெட்டினேன். அது அதைவிடக் கூடிப்போயிற்று. வலதும் இடதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே மேலே ஏறி, கடைசியில் அப்பாவின் கத்தியால் முழுக்க வழித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. கன்னத்தில் இரண்டு மூன்று இடத்தில் ரத்தம். படிகாரம் தடவினேன்.

வழித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், பெரியவரைக் காணோம்! முப்பது வயதுகூட நிரம்பாத வாலிபன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் கீழே கிடந்த முடியை ஓர் இழை விடாமல் பொறுக்கி, தன் துண்டில் வைத்து, முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டான். ஏழைகள் எதையும் வீணாக்க மாட்டார்கள் என்று அதிலிருந்தும் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன்.

கூடத்துக்கு அழைத்துப்போனதும் அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "ஏண்டா ராயப்பா, சூசையப்பரைக் கூட்டியாரச் சொன்னா மாப்பிள்ளையைக் கூட்டியாந்திருக்கே?"

மத்தியானம் சாமியார் வந்தார். அப்பா கோர்ட்டில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். சூசையப்பர் படத்துக்குக் கீழே மணை போட்டு, மாரப்பனை உட்காரவைத்து (பெயர் அப்போது தெரியாது) இலை போட்டோம். சாமியார் இலையை மந்திரித்தார். அம்மா பரிமாறினாள். நாங்கள் கைகட்டிச் சுற்றி நின்றோம்.

மாரப்பன் இலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கும்பிட்டார். பிறகு கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கூச்சப்படறாரு. நாம கொஞ்சம் திரும்பிக்கலாம்" என்றேன். எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். சாமியார்கூடத் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அப்பளம் கூட நொறுங்காமல் அப்படியே இருக்கிறது.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று மீன்துண்டை எடுத்து இலையில் முன்னால் நகர்த்தினேன். அவர் பதறி இன்னோர் இலையை எடுத்துச் சோற்றின்மேல் மூடினார். மறுபடி ஆகாயத்தைக் காட்டினார்.

"ஆண்டவருக்கு நன்றி சொல்றாரு" என்று விளக்கினேன்.

"சொல்லியாச்சில்ல? இனிச் சாப்பிடச் சொல்லு" என்றார் அப்பா. அவர் குரலில் காலையிலிருந்து பட்டினி கிடந்த ஒரு குமாஸ்தா பேசினார்.

அம்மா தாழ்ந்த குரலில், "இவரைப் பாத்தா ஒருசந்தி இருக்காப்பல இருக்குதுடா" என்றாள்.

"ஒருசந்தி நமக்குத்தாம்மா. இவங்களுக்கு ஏது ஒருசந்தி?" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரைக்கும் நான் மறக்கவில்லை. அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை, பசியில் பார்க்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

சாமியார் மெல்ல, "மகனே ராயப்பா, இம்மனிதர் எதனால் உண்கின்றார் இல்லை?" என்று கேட்டார்.

"புதுசுங்க சாமி. பழகினா சாப்பிடுவாரு."

"அண்ணா, நாம மட்டும் ஓரமா ஒரு வாய்..." என்று அம்மாவுக்காகப் பேசுவதுபோல் அத்தை ஆரம்பித்தாள். ஆரம்பித்தவளே, "ஐயோ வேண்டாம், அப்பா நேர்ச்சை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பிறகு மறுபடியும் போய்க் குடித்தார். மீன்குழம்பு ஆறிக்கொண்டே போக, அதன் வாசனை மட்டும் ஆறவில்லை. சாமியார் பாவம், பங்களாவில் சமையல்காரருக்கு அன்றைக்கு லீவு கொடுத்துவிட்டு வந்திருந்தார். "மாலை ஜெபத்தை முடித்து மீண்டும் வருகின்றேன். அதற்குள் உண்டால் எனக்கு ஆள் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் ஒருமுறை தடுமாறிப் போனார். என் நீலநாடா அவர் பின்னாலேயே போவது எனக்குத் தெரிந்தது.

அந்த மத்தியானத்தை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. நடுக்கூடத்தில் ஒரு மனிதர் இலைக்கு முன்னால் சம்மணமிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். சுற்றி மூன்று பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் அவர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நடுநடுவே அவர் எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உத்திரத்தைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கிணற்றடியில் இருந்த என் அறையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் அழுகை மாறித் தெளிவு வந்துகொண்டிருந்தது. எனக்கு என்னவோ அது நல்லதாகப் படவில்லை.

பொழுது சாய்ந்தது. சாமியார் திரும்பி வந்துவிட்டார். அம்மா விளக்கேற்றினாள். அதைப் பார்த்ததும் மாரப்பன் எழுந்து விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். நாங்களும் பின்னால் ஓடினோம். மேற்கே முதல் வெள்ளி தெரிந்தது. அவர் தலைக்குமேல் கைகூப்பி, தெருவே அதிரும்படி, "முருகா!" என்றார்.

ஊமை பேசிவிட்டது!

நான் அப்படியே முழங்காலில் விழுந்தேன். "புதுமை! அற்புதம்! சூசையப்பர் புதுமை பண்ணிட்டாரு!" என்று கத்தினேன். அத்தையும் விழுந்தாள், பசி மயக்கமா பக்தியா என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் திறந்தன. சூசையப்பர் புதுமை பண்ணினால் மாரப்பன் ஏன் முருகனைக் கூப்பிடுகிறார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நீலநாடா திரும்பி ஓடிவந்து என் கழுத்திலேயே ஏறிக்கொண்டது.

மாரப்பன் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, ஒரு வார்த்தை கேக்காம எம் முடியை எதுக்குங்க வெட்டுனீங்க?"

முழங்காலில் இருந்தபடியே நான் வாயைப் பிளந்தேன்.

"இன்னைக்குக் கிருத்திகைங்க. வெள்ளி காங்கற வரைக்கும் பேசக் கூடாதுங்க, பச்சைத்தண்ணி கூடக் குடிக்கக் கூடாதுங்க. அதுனாலதானுங்க வாயைத் தொறக்கலை. பழனிக்கு நேந்து உட்ட முடிங்க அது."

அப்பா மெதுவாக, "என்ன நேர்ச்சை?" என்று கேட்டார். நேர்ச்சை என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மாரப்பன் சொன்னார். மேட்டூருக்கு மேலே காவேரிக்கரையில் அவர் ஊர். அணை கட்டித் தண்ணீர் நின்றபோது ஊர் முழுகிப்போயிற்று. "பட்டா இருந்தவங்களுக்கு வேற எடம் கெடைச்சுதுங்க. நாங்க இருந்தது அடுத்தவங்க காட்டுல குடிசைங்க. அது தண்ணிக்குள்ள போனதைக் கரைமேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தனுங்க." மனைவி பாவாயியையும் கைக்குழந்தையையும் வெண்ணந்தூரில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டு வேலை தேடிச் சுற்றினார். மச்சான் தறி நெய்கிறவர், நல்ல மனிதர்தான், ஆனால் கறாராகச் சொல்லிவிட்டாராம்: தலைக்குமேலே ஒரு கூரை வந்தபிறகு வா, தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிப்போ, அதுவரைக்கும் இந்த வாசல்படி மிதிக்காதே.

"புள்ள இப்ப நடக்குதாங்க. நான் பாக்கலை" என்றார் மாரப்பன். "ஒரு ஊடு கெடைச்சாத்தான் முடி எறக்கறேன்னு முருகங்கிட்டச் சொல்லிட்டு வளத்தனுங்க. ஊடும் இல்லாம முடியும் இல்லாமப் பண்ணிப்புட்டீங்களேன்னு கெணத்தடியில எனக்கு நெஞ்சே வெடிச்சுப் போச்சுங்க."

நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். முழங்காலில் இருந்ததால் பாதி தூரம் போனமாதிரிதான் இருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்றுகூட மூடவில்லை. அந்தக் குழந்தை நடக்கிறது, அப்பன் பார்க்கவில்லை என்பது மட்டும் என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"அழுவாதீங்க தம்பி" என்றார் மாரப்பன். "மத்தியானம் பூரா உக்காந்து யோசிச்சனுங்க. கிருத்திகை அன்னைக்கு ஒருத்தர் வாராரு. எந்திரி, ஊட்டுக்குப் போலாங்கறாரு. கூட்டியாந்து தண்ணி வாத்து முடியை எறக்கறாரு. முருகன் முடியை வாங்கிக்கிட்டான்னா, ஊடு தயாரா இருக்குதுன்னுதானுங்களே அருத்தம்?"

அவர் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்து, வெகு நம்பிக்கையாக, கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல் கேட்டார்:

"அந்த ஊடு எதுங்க?"

அப்பா தொண்டையைக் கனைத்தார். கோர்ட்டில் எத்தனையோ வழக்கைப் பார்த்தவர், இந்த வழக்கில் எங்கள் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அத்தை மட்டும், "அதெப்படிங்க, முடியை வெட்டினா ஊட்டைக் குடுக்கணும்னு எங்க இருக்குது? எல்லாரும் இப்படிக் கெளம்பிட்டா..." என்று இழுத்தாள்.

அம்மா அதுவரைக்கும் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சூசையப்பருன்னு சொல்லி வாசல் வரைக்கும் கூட்டியாந்தாச்சு" என்றாள். "இனி நானும் எடமில்லேன்னு சொல்லி அனுப்பணுமா? பெத்லேம் சத்திரத்துல அவருக்குச் சொன்னாப்பல?"

சொல்லிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் கை நீட்டினாள்.

"அம்மா, அது என் அறை!" என்றேன்.

"ஆமாண்டா. உன் சூசையப்பர்தானே?" என்றாள்.

எங்கள் பங்குச்சாமியார் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்றைக்கு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை அமுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "அம்மா, இப்பொழுதாவது அவர் உண்பாரா?" என்று கேட்டார்.

மாரப்பன் உண்டார். அம்மா பரபரவென்று புதுச்சோறு வடித்தாள். கிருத்திகைக்கு மீன் ஆகாது என்று பருப்பும் வடையும் பாயசமும் மட்டும். அவர் கையலம்பிய பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். அந்த மீனைப் பற்றிக் கேட்டார், மேட்டூர் மீன் என்றோம். "எங்க ஊட்டுக்குள்ள மேஞ்ச மீனாக்கூட இருக்குமுங்க" என்றார் சாதாரணமாக. அப்பா வாய்க்குக் கொண்டுபோன துண்டை இலையில் வைத்துவிட்டார். பிறகு பசி தாங்காமல் எடுத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் மாரப்பன் முடிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பழனிக்கு நடந்தே போனார். அங்கே மொட்டையும் அடித்துக்கொண்டார், நான் தலையில் விட்டுவைத்த படிக்கட்டுகளைச் சமன்செய்யவும் அது தேவைப்பட்டது. நான் வெண்ணந்தூர் போய், பாவாயியின் அண்ணன் முன்னால் கைகட்டி நின்று, "கூரை இருக்குதுங்க, ஓட்டுக்கூரை, நானே பாத்திருக்கேன்" என்று சத்தியம் பண்ணி, பாவாயியையும் குழந்தையையும் மாட்டுவண்டியில் கூட்டிவந்தேன். அது அம்மா போட்ட அபராதம். அந்தக் குழந்தை வழிநெடுக என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. நியாயம்தான் என்று தலையைக் கொடுத்தேன். மாரப்பன் பழனியிலிருந்து திரும்பியபோது அது அந்த மொட்டைத் தலையைப் பார்த்து வீறிட்டு அழுதது. கொஞ்ச நேரம் கழித்து, பாவாயியின் சேலையை விட்டுவிட்டு, தானாக நாலெட்டு நடந்துபோய் அவர் காலைக் கட்டிக்கொண்டது. மாரப்பன் தேம்பித் தேம்பி அழுதார். அந்த ஆனந்தக் கண்ணீரை மட்டும் நான் சரியாக அடையாளம் கண்டேன்.

சபைத் தலைவர் பதவி வேறொருவனுக்குப் போயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது சாமியார் எனக்குக் கொடுத்த அபராதம் ஒரே வரிதான்: "இனிமேல் வினவிய பின் செய்க."

மாரப்பன் சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்கினார், பிறகு அங்கேயே மேஸ்திரி ஆனார். அறையில் நான் மாட்டியிருந்த சூசையப்பர் படத்தைக் கழற்றவில்லை, பக்கத்தில் முருகனை மாட்டிக்கொண்டார். கதவில் நான் ஒட்டியிருந்த காகிதத்தையும் கிழிக்கவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்றார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர் மகள் பள்ளிக்கூடம் போய் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாசகம் அதுதான். அன்றிலிருந்து அந்த அறைக்குள் அவளைக் கேட்காமல் நான் போக முடியவில்லை. நான் கூடத்தில், அத்தையின் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகும் கூடத்துக்கு ஒரு தட்டி வைத்துத் தடுத்துக்கொண்டோமே தவிர, கிணற்றடி அறை மாரப்பனின் 'ஊடு' ஆகவே இருக்கிறது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் ஏதாவது உதவி செய்கிறேன் என்று எழுந்தால், பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்கூட முதல்நாளே பொத்திக்கொண்டாள், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சூசையப்பர் திருநாளன்று முதல் இலை மாரப்பனுக்குத்தான். எனக்குச் சூசையப்பர் ஊரெல்லாம் தேடிக் கிடைக்கவேண்டிய ஆள் இல்லை, கிணற்றடியில் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார்.

போன வருஷம் சாப்பிட்டு முடித்துக் கையலம்பிவிட்டு வந்தவர், என் எதிரில் நின்று என் தலையை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு எழுபதைத் தாண்டியும் தலைநிறைய முடி. எனக்கு ஒன்றுகூட இல்லை, நெற்றி பிடரிவரைக்கும் போய்விட்டது. பரிதாபப்பட்டு என் தோளில் கை வைத்தார்.

"முடி பூரா எறங்கிப்போச்சுங்களே தம்பி" என்றார். "இன்னுமா உங்களுக்கு ஒரு ஊடு கெடைக்கலை?"